ஒன்பதாவது லெவலில் ஐடா

போன் அலறியது.

"மேடம், என் ஒய்ஃப் ஸ்ட்ராங் ரூம்ல மாட்டிக்கிட்டா... உள்ள காத்து தீர்ந்துடும்... சீக்கிரம் வாங்க..."

இன்ஸ்பெக்டர் பாக்யலட்சுமி ஜீப்பில் தாவினாள்.

பாலகாட், மூடிப்போன தங்கச் சுரங்கப் பகுதி. ஒரு காலத்தில் தங்கக் கட்டி பூட்டி வைத்த பழைய பங்களா. இப்போது 'டாக்டர் ஏனோக் கணித டியூஷன்'. தங்கம் இருந்த இரும்பறையில் மாதிரித் தேர்வுக் கேள்வித்தாள். கதவில் நம்பர் பூட்டு.

வெளியே வியர்வையில் ஏனோக். உள்ளே அவன் மனைவி ஐடா.

டொக்... டொக் டொக்...

"தட்டுறா. உசுரு இருக்கு. நம்பர் இன்னா?"

"அவதான் செட் பண்ணா மேடம். சுரங்கத்துல ஆள எறக்குற கேஜ் லிஃப்ட் மாதிரி, ஒண்ணாம் லெவல்லேந்து ஒன்பது வரைக்கும் எறங்கி, திரும்பி ஏறணும்னா. எறங்க ஒன்பது, ஏற ஒன்பது... பதினெட்டு இலக்கம். ரெண்டு வாட்டி போட்டேன், தொறக்கல. இன்னொரு வாட்டி தப்பானா நாளைக்குத்தான் தொறக்கும்."

"நாளைக்கு வரைக்கும் காத்து?"

"வராது மேடம்."

"நம்பரைப் பத்தி வேற எதாவது?"

அந்த நேரத்திலும் ஏனோக் தொண்டையைச் செருமினான்.

"முன்னாலேந்து படிச்சாலும் பின்னாலேந்து படிச்சாலும் ஒண்ணுதான். அதோட அது பகா எண். எதாலயும் வகுபடாது. கணக்குல டாக்டர், நான் சொல்றேன்."

பாக்யலட்சுமி விலங்கை உருவினாள்.

"ராஜப்பா, இவனப் பிடி."

கான்ஸ்டபிள் ராஜப்பா பிடித்தார். ஏன் என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

"இன்னா மேடம் இது..."

"1221, பதினொண்ணால வகுபடும். 4554, வகுபடும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி படிக்கிற நம்பர்ல நாலு, ஆறு, பதினெட்டுன்னு இரட்டைப்படையா இலக்கம் இருந்தா, பதினொண்ணு வகுத்துடும். பதினெட்டு இலக்கத்துல அப்படி ஒரு பகா எண் கெடையவே கெடையாது. டாக்டருக்கு இது தெரியாதா? பொய் நம்பர் சொல்லி பொண்டாட்டிய உள்ளயே முடிக்கப் பாக்குற."

"உங்களுக்கு எப்டி..."

"எம்.எஸ்சி. கணக்கு. வேலை கெடைக்கல. போலீஸ்ல சேந்துட்டேன்."

ஏனோக் பொத்தென்று மண்டியிட்டான்.

"சத்தியமா கொலை இல்ல மேடம்... டாக்டர் பட்டம்தான் பொய். ஆன்லைன்ல வாங்கினேன்..."

"பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"அவளுக்கு மட்டும் சொல்லிடாதீங்க."

டொக்... டொக்... சத்தம் தளர்ந்துகொண்டிருந்தது.

"சும்னே இருங்க ரெண்டு பேரும். அவ எண்ணித் தட்டுறா."

ஏழு தட்டு. இடைவெளி. எட்டு. இடைவெளி. ஒன்பது...

அடுத்து எட்டு!

"யோவ், ஒன்பது ஒரே வாட்டிதான். அடியில நின்ன கேஜை எதுக்குய்யா ரெண்டு தடவ எண்ணின?"

"எறங்கறப்ப ஒண்ணு, ஏர்றப்ப ஒண்ணு... எங்கப்பா கேஜ்ல போனவரு மேடம், வீட்டுல அப்டித்தான் எண்ணுவோம்..."

அவள் விரல் பறந்தது. 12345678987654321. பதினேழே இலக்கம்.

க்ளிக்.

ஐடா வெளியே சரிந்தாள். ராஜப்பா தண்ணீர் கொடுத்தார். மூச்சு வந்தது. புருஷன் கையில் விலங்கு தெரிந்தது.

"ஒண்ண ஒன்பது தடவ வரிசையா எழுதி, அதாலயே பெருக்கினா வர்ற நம்பர்" என்றாள் பாக்யலட்சுமி. "அழகான பூட்டும்மா. உன் புருஷன் அத பகா எண்ணுன்னான். கொலை முயற்சின்னு நெனச்சுட்டேன். பாவம், ஒண்ணும் தெரியாதவன். கழட்டிடவா?"

ஐடா ஏனோக்கை மேலும் கீழும் பார்த்தாள்.

"இருக்கட்டும் மேடம். இலக்கத்தயெல்லாம் கூட்டினா எண்பத்தொண்ணு. கொலைகாரன்னா கூட மன்னிச்சு சேந்துக்கலாம்... மூணால வகுக்கத் தெரியாதவனோட எப்டிக் குடும்பம் நடத்துறது?"