ஏணிக்கு உச்சி கிடையாது!

முதலாளி மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார்.

தூங்குகிறார் என்று நினைத்துத்தான் திங்கட்கிழமை காலை துப்புரவுப் பெண் மெதுவாகக் கூப்பிட்டாள். இரண்டாவது தடவை கூப்பிடும்போது தரையைப் பார்த்தாள்.

ரத்தம்!

அவள் போட்ட அலறலில் மூன்றாவது மாடி மொத்தமும் ஓடி வந்தது.

பிணத்துக்குப் பக்கத்தில் ஒரு வெண்கலக் கேடயம். ‘திருட்டுப் பிரதிகளை ஒழித்த சிறந்த வீடியோ கேம் நிறுவனம்’ என்று அதில் பொறித்திருந்தது. அதன் ஒரு மூலையில் ரத்தம் காய்ந்து போயிருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து...

மீட்டிங் அறையில் பெண் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக ஏட்டு. எதிரே, ஏ.சி. குளிரிலும் வியர்த்துக்கொண்டு ஒரு மனிதர்.

ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயர் ‘பூட்டு’. காசு கொடுக்காதவன் கேம் ஆடிவிடாதபடி பூட்டுப் போடும் பிரிவுக்குத் தலைவர். காசு கொடுத்தவனும் ஆட முடியவில்லை என்பது வேறு விஷயம்!

தனியாக உட்கார்ந்து ஆடுகிற கேம்தான். ஆனாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது கம்பெனி சர்வரைக் கூப்பிட்டு, ‘இவர் நம்ம ஆள்தானே?’ என்று கேட்கும். சர்வர் பதில் சொல்லவில்லையென்றால் ஆட்டம் அம்பேல்.

“நேத்து, ஞாயித்துக்கிழமை. காலையில பதினொண்ணுலேர்ந்து பதினொன்றரைக்குள்ள கொலை. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“வீட்டுல, மேடம்.”

“என்ன செஞ்சிட்டிருந்தீங்க?”

“கேம்... ஆடிட்டிருந்தேன். எங்க கேம்தான். ‘இருட்டுக் கோட்டை’.”

இன்ஸ்பெக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்லதுக்கில்லை.

“ஏட்டு, அந்த சர்வரைக் கூப்பிடுங்க.”

“எந்த ஓட்டல் மேடம்?”

“யோவ்! கம்ப்யூட்டர் சர்வரைப் பாத்துக்கிறாரே, அவரு!”

வந்தான். முப்பது வயது. மடிப்புக் கலையாத சட்டை.

“நேத்து சர்வர் எப்ப படுத்துச்சு தம்பி?”

“பத்து மணிக்கு மேடம். ரெண்டு மணிக்குத்தான் எழுந்துச்சு. நான் வீட்டுலேர்ந்தே சரி பண்ணினேன். அந்த நாலு மணி நேரம் உலகத்துல ஒருத்தரும் எங்க கேமை ஆடியிருக்க முடியாது.”

அவன் பூட்டைப் பரிதாபமாகப் பார்த்தான்.

“என்னண்ணே இது...?”

பூட்டு தலைகுனிந்தார்.

“சனிக்கிழமை முதலாளியோட சத்தம் போட்டுச் சண்டை பிடிச்சிருக்கீங்க. கேடயத்துல உங்க கைரேகை மட்டும்தான் இருக்கு.”

“தினமும் நான்தான் மேடம் அதைத் துடைப்பேன்...”

“ஞாயித்துக்கிழமையும் துடைச்சீங்களா? முதலாளி மண்டையால?”

கதவு படாரென்று திறந்தது. பூட்டின் மனைவி! தடுத்த கான்ஸ்டபிளைத் தள்ளிவிட்டு வந்தாள்.

“அவரு வீட்டை விட்டு நகரவே இல்லம்மா! காபி கேட்டாரு, கொடுத்தேன். ஆறிப்போய் அப்படியே கெடந்துச்சு!”

“பொண்டாட்டி சாட்சி எடுபடாதும்மா. ஓடாத கேமை எப்படி ஆடினாருன்னு சொல்லச் சொல்லுங்க, விட்டுடறேன்.”

“சொல்லித் தொலைங்களேன்!” மனைவியின் குரல் உடைந்தது. “மானம் போனா போகுது. ஆயுசுக்கும் ஜெயில்ல கெடக்கப் போறீங்களா?”

பூட்டு நிமிர்ந்தார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் முப்பது பேர் நின்றிருந்தார்கள்.

போன வருஷமும் இதே முப்பது பேர்தான் நின்றார்கள். ஓவியம் போடும் பெண் ஒருத்தியின் பையில் திருட்டுப் பிரதி ஒன்று அகப்பட்டது. ‘திருடி’ என்று எல்லோர் முன்னாலும் சொல்லி வேலையை விட்டுத் துரத்தியவர் இவர்தான். அவள் அழவில்லை. பென்சில்களை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டு மூடிக்கொண்டு போனாள்.

அந்த டப்பா மூடிய சத்தம் இப்போது கேட்டது அவருக்கு.

“திருட்டுப் பிரதி, மேடம்...”

“என்னது?”

“நான் ஆடினது... பூட்டை உடைச்ச திருட்டுப் பிரதி.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சலசலப்பு. இந்தப் பக்கம் ஏட்டுக்குத் திடீரென்று இருமல்.

“நீங்க போட்ட பூட்டை உடைச்சதை, நீங்களே...?”

“காசு கொடுத்து வாங்கினதும் வீட்டுல இருக்கு மேடம். பத்து மணிக்கு அதைத்தான் திறந்தேன். ‘இணைப்பு இல்லை. நீங்கள் நேர்மையான வாடிக்கையாளர்தானா?’ன்னு கேட்டுச்சு. அந்த வரியை எழுதினதே நான்தான். என் வீட்டுல, என் நாற்காலியில உக்காந்துட்டு, என்னை நானே கேட்டுக்கறேன். அவமானமா இருந்துச்சு. அதான்...”

“ஆத்திரத்துல திருட்டுக் காப்பி.”

“இல்ல மேடம்.” அவர் குரல் பாதாளத்துக்குப் போனது. “அது முன்னாடியே இருந்துச்சு. மூணு மாசமா.”

இன்ஸ்பெக்டர் பேனாவைத் தட்டினார்.

“சரி. திருட்டுக் காப்பி எந்த சர்வர்லயும் பதிவாகாது. அப்ப நீங்க ஆடினதுக்கு யாரு சாட்சி?”



“ஏணி, மேடம்.”

“ஏணியா!”

“திருட்டுப் பிரதி ஆடறவன் மாட்டிக்கணும்னு உள்ள ஒரு பொறி வெச்சிருக்கோம். ஏழாவது கட்டத்துல ஒரு ஏணி வரும். ஏற ஏற முடியவே முடியாது. ஒரு மணி நேரம் ஏறினேன். பொறுக்க முடியாம... பூட்டை உடைக்கிறவங்க கூடற இணையதளம் ஒண்ணு இருக்கு. அங்க போய் வழி கேட்டேன்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூட்டுக்குக் காது மடல்வரை சிவந்தது. கொலைகாரன் என்று கூப்பிட்டிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்க மாட்டார்!

செல்போனை நீட்டினார். இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்தார்.

“பதினொண்ணு இருபது. ‘ஐயா, ஏணிக்கு உச்சி எங்கே? யாராவது உதவுங்கள்.’ இது நீங்க. பதினொண்ணு நாப்பதுக்கு ஒரு பதில். ‘மூன்றாவது ஜன்னல் வந்ததும் பின்பக்கம் குதி. இந்தப் பூட்டைப் போட்ட முட்டாளுக்கே இது தெரியாது!’”



“மேடம், சர்வரை ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்...” சர்வர்காரன் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

“உக்காருங்க தம்பி. ஏட்டு, சைபர் பிரிவுக்குப் போன் போட்டு இந்த ரெண்டும் எங்கேர்ந்து போச்சுன்னு கேளுங்க.”

முக்கால் மணி நேரம் ஓடியது. போன் அடித்தது. கேட்ட ஏட்டின் முகம் மாறியது.

“மேடம்! கேள்வி இவரு வீட்டு லைன்லேர்ந்துதான் போயிருக்கு. வீடு இங்கேர்ந்து ஒரு மணி நேரப் பயணம்!”

“பதில்?”

“பதில்... இந்த ஆபீஸ்லேர்ந்து!”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நேத்து ஆபீஸ்ல முதலாளி மட்டும்தான் இருந்தாருன்னு எல்லாரும் சொல்றீங்க,” இன்ஸ்பெக்டர் எழுந்தார். “பதினொண்ணு நாப்பதுக்கு அவரு பொணம். பொணம் பதில் போடாது. பூட்டு சார், அந்த ஏணியை யாரு வெச்சா?”

பூட்டு மெல்லத் திரும்பினார். பத்து வருஷம் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டவனைப் பார்த்தார்.

“இந்தத் தம்பிதான்... எப்படி வெளிய வரணும்னு என்கிட்டகூட சொல்லல. ‘உங்களுக்கு எதுக்குண்ணே அது’ன்னு சிரிச்சான்.”

“‘முட்டாளுக்கே இது தெரியாது’ன்னு வெளியாளுக்கு எப்படித் தெரியும்? ஏணி வெச்சவனுக்குத்தானே தெரியும்!”

சர்வர்காரன் ஓடினான். ஏட்டு காலை நீட்டினார். மடிப்புக் கலையாத சட்டை முதல் தடவையாகக் கசங்கியது!

“ஆமா, நான்தான்!” தரையிலிருந்தே கத்தினான். “பகல்ல இவரு பூட்டைச் செய்வாரு, ராத்திரி நான் உடைப்பேன். உடைச்சது சர்வர் இல்லாம ஓடுதான்னு பாக்க ஞாயித்துக்கிழமை சர்வரை நிறுத்துவேன். ஜனங்க கத்தறாங்களேன்னு முதலாளி நேர்ல வந்துட்டாரு. திரையைப் பாத்துட்டாரு. அவரு போலீசுக்குப் போன் எடுத்தாரு... கைக்குட்டையைச் சுத்திக்கிட்டுக் கேடயத்தை எடுத்தேன்.”

“கொலை பண்ணின கையோட பதில் வேறயா?”

“தடயத்தை அழிச்சிட்டிருந்தேன்... கேள்வி வந்து விழுந்துச்சு. ஏணிக்கு வழி தெரியாம எவனோ தவிக்கிறான்னு பாத்ததும்... கை சும்மா இருக்கல மேடம்.”

விலங்கு மாட்டி இழுத்துப்போனார்கள்.

பூட்டு விடுதலை. ஆனால் வெளியே முப்பது பேரும் வழி விட்டார்கள். ஒருவரும் முகம் பார்க்கவில்லை. முகம் பார்த்திருந்தாலும் அவரால் பார்த்திருக்க முடியாது.

வராந்தாவில் நின்று செல்போனில் எதையோ தட்டினார்.

“யாருக்குங்க?” மனைவி கேட்டாள்.

“அந்த ஓவியப் பொண்ணுக்கு. ‘திருடன் நான்தாம்மா, மன்னிச்சிடு’ன்னு.”

“பாத்தாளா?”

“பாத்துட்டா. பதில் இல்ல.”

இன்னும் கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஏட்டு! தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டர் பார்க்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, காதோரமாகக் குனிந்தார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க... அது மூணாவது ஜன்னலா, நாலாவது ஜன்னலா? நான் அந்த ஏணியில ஏறி இன்னையோட பதினேழு நாளாச்சு!”