பள்ளத்து மேய்ச்சல்

செவலை அசை போடவில்லை.

மழை மூட்டத்தில் நேரத்தோடு இருட்டிவிட்ட அந்த மாலையில், தவிட்டு வாளியோடு தொழுவத்துக்குள் வந்த அக்காவுக்கு முதலில் உறைத்தது அதுதான். தம்பிக்கு மட்டுமல்ல, பால் வாங்க வருகிற அத்தனை பேருக்கும் அவள் அக்கா. இருபது வருடமாக இந்த நேரத்தில் இந்தக் கூரைக்குக் கீழே ஈரமான அரவைச் சத்தம் ஒன்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். அப்படி ஒன்று இருப்பதே இன்றைக்கு அது நின்ற பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. தகரத்தில் மழை தட்டியது, தொழுவத்தின் கோடியில் தண்ணீர்த் தொட்டி சளசளத்தது, சாணத்தின் புளித்த வாடைக்குள் இன்னொரு வாடை, அழுகின புல்லும் சேறுமாக, மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.

மூன்று மாடுகளில் மிச்சம் செவலை மட்டும்தான். எட்டு மாதச் சினை. இதையும் கன்றையும் காப்பாற்றிவிட்டால் தொழுவத்துக்கு மறுபடி உயிர் வந்துவிடும், இல்லாவிட்டால் கதவைச் சாத்திவிட வேண்டியதுதான்.

மயிலை இன்று காலைதான் செத்திருந்தது. மாட்டு டாக்டர் அதன் வயிற்றை அறுத்துக் காட்டியபோது அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள். இரைப்பையின் உள்சுவர் முழுக்க மாதுளை முத்துகளை அள்ளி ஒட்டினதுபோல் இளஞ்சிவப்பாக, கொழுகொழுவென்று, ஆயிரக்கணக்கில் இருந்தன. டாக்டர் இடுக்கியால் ஒன்றைப் பிடித்து இழுத்தார். அது வர மனசில்லாமல் நீண்டது.

“தட்டைப்புழும்மா. சேத்துப் பள்ளத்துல நத்தை இருக்கும்ல, அதுக்குள்ள வளர்ந்து புல்லுல வந்து ஒட்டிக்கும். மாடு புல்லோட முழுங்கிரும். இது பெருசுங்க, சும்மா ஒட்டிக்கிட்டு கிடக்கும். இதுங்களோட குஞ்சுங்கதான் குடலை அரிச்சுக் கொன்னிருக்கு.”

“நாங்க மேட்டுலதான் மேய்க்கிறோம் சார். பூச்சி மருந்தும் ரெண்டு தடவ போட்டாச்சு.”

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே அவளைப் பார்த்தார். “யாரு போட்டா?”

தம்பிதான் போட்டான். மருந்து போட்ட மாட்டின் கொம்பில் நீலப் பெயின்டை ஒரு விரல் தொட்டு வைப்பது அந்த வீட்டு வழக்கம். மயிலைக்கும் நீலம் இருந்தது, செவலைக்கும் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அக்கா இத்தனை நாளும் நிம்மதியாகத் தூங்கினாள். டாக்டர் போன பிறகு தீவன அறையைக் குடைந்தபோது, தவிட்டு மூட்டைக்குப் பின்னால் நான்கு மருந்துப் புட்டிகள் கிடந்தன. ஒன்றுக்குக்கூட மூடி உடையவில்லை. பெயின்ட் டப்பா மட்டும் பாதி காலியாகியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் அழுதாள்.

தம்பியை, வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வளர்த்தவள். முப்பது வயதாகியும் அவனை யாராவது ஒரு சொல் சொன்னால் சண்டைக்குப் போகிறவள். போன வருடம் கறுப்பிக்கு மருந்து ஊற்றும்போது அவன் அதன் தலையை அளவுக்கு மேல் தூக்கி, மருந்து நுரையீரலுக்குள் போய், மாடு துடிதுடித்துச் செத்தபோதுகூட அவனைத்தான் மடியில் போட்டுத் தேற்றினாள். அந்தப் பயத்தில் போடாமல் விட்டிருப்பான், பாவம் என்று இப்போதும் மனசு பூசி மெழுகப் பார்த்தது.

தொட்டி மறுபடி சளசளத்தது.

அங்கே தம்பி இருந்தான். மண்டியிட்டு, தொட்டி விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தான். கழுத்தைச் சுற்றித் துண்டு. அவன் மூச்சு வாங்கவே இல்லை.

“எத்தன நாளா பள்ளத்துக்கு ஓட்டிட்டுப் போற?”

“மழை வந்ததுலேர்ந்து.”

“மேட்டுலதான் மேய்ப்பேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினியேடா!”

“பண்ணினேன்.”

“மருந்து ஏன் போடல?”

“போடாதேன்னு கேட்டுச்சுங்க.”

“எது? மாடா?”

“மாடு இல்லக்கா.”

அவன் எழுந்தான். துண்டு நழுவியது. தாடைக்குக் கீழே, மயிலைக்குச் சாவதற்கு முன்னால் தொங்கினதுபோலவே ஒரு நீர்ப்பை. கைப்பிடி அளவுக்கு. உள்ளே ஏதோ நெளிந்தது. சேற்று வாடை அவன் வாயிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஆனால் செவலை அங்கே நின்றது. பெற்றெடுக்காத குறையாக வளர்த்தவனும் அங்கேதான் நின்றான்.

“வந்து தலையைப் பிடி. இவளுக்கு ஊத்திட்டு உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். உனக்கு ஒண்ணும் ஆகாது.”

அவன் வந்து பிடித்தான். அவள் சொல்லிக் கொடுத்தபடியே, மூக்கு நெற்றிக்கு மேலே போகாமல், மட்டமாக. என் பிள்ளை என் பிள்ளைதான் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். இடுப்பில் செருகியிருந்த மருந்துப் புட்டியைத் திறந்து, செவலையின் கடைவாயில் நுழைத்து மெதுவாகச் சாய்த்தாள். செவலை விழுங்கியது. ஒரு மடக்கு. இரண்டு மடக்கு.

தலை உயர்ந்தது.

“போதும்டா. தாழ்த்து.”

இன்னும் உயர்ந்தது.

“தம்பி, தாழ்த்துடா! மூச்சுக்குழல்ல போயிரும்!”

அவள் புட்டியை இழுத்தாள். அவன் இன்னொரு கையால் அவள் விரல்களோடு சேர்த்துப் புட்டியைப் பற்றி உள்ளே அழுத்தினான். இரும்புப் பிடி. கண்கள் அவளையே பார்த்தன. பயமில்லை. பதற்றமில்லை. கறுப்பி செத்த அன்றைக்கும் இந்தக் கண்கள்தான்.

அன்றைக்கும் அது கை தவறியதல்ல.

செவலை இருமியது. மூக்கில் நுரை. முன்னங்கால்கள் மடங்கின. பெரிய உடம்பு சாய்ந்தது. வயிற்றுக்குள் கன்று ஒருமுறை உதைத்தது. அவ்வளவுதான்.

“ஏன்டா?” என்றாள். “ஏன்டா எனக்கு இப்படிப் பண்ணின?”

நுரைக்குள் இளஞ்சிவப்பாக ஒன்று தெரிந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கொத்தாக. மூக்குத் துவாரத்திலிருந்து வழிந்து, அவன் மணிக்கட்டில் ஒட்டி, மேலே ஏற ஆரம்பித்தன.

“அதுங்களுக்கு வேற போக்கிடம் இல்லக்கா,” என்றான் தம்பி, கெஞ்சலாக.

பிறகு செவலையின் முகத்துக்கு நேராகக் குனிந்தான். கண்ணை மூடிக்கொண்டான். அக்கா ஊட்டும் ஒரு வாய்க்குக் காத்திருக்கிற குழந்தையைப் போல, வாயை அகலத் திறந்தான்.