முகம் கழுவாத காலை

"கையை விடுங்க..."

அதட்டலாகச் சொல்லத்தான் அனுசுயா நினைத்தாள். வெளியே வந்தது பாதிக் குரல்தான்.

வாய்க்கால் கரையில், திராட்சைப் பந்தலின் கல்தூணைப் பிடித்தபடி குனிந்து நின்றாள். ஆனி மாதச் சாரல் ஊசி ஊசியாய் இறங்கிக்கொண்டிருந்தது. நாலாவது சுற்று ஓடும்போதுதான் அது வந்தது. சட்டென்று, யாரோ ஸ்விட்சைத் தட்டிவிட்ட மாதிரி. ஒரு நொடி முன்புவரை நெஞ்சு தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. மறு நொடி மாவு மில்லின் பெல்ட் மாதிரி ஓடத் தொடங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு டிவிஎஸ் 50 வந்து நின்றது. இறங்கியவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்கன்னு சொல்றேன்ல..."

"பேசாதீக. எண்ணிக்கை தப்பிப்போகும்."

அவன் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கண் முழுக்கத் தன் கடிகாரத்தில் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு தள்ளு தள்ளினாள். கரைச் சேறு வழுக்கி, முழங்கால் தண்ணீரில் போய் நின்றான் அவன்.

"பதினஞ்சு செகண்டுக்கு நாப்பத்தெட்டு," என்றான் தண்ணீரில் நின்றபடியே. "நிமிசத்துக்கு நூத்தித் தொண்ணூத்திரண்டு. இப்படி இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

"நீங்க யாரு அதைக் கேக்க?"

"இனியன். சின்னமனூர்ல சுயம்புலிங்கம் டாக்டர் கிளினிக்குல ஈசிஜி எடுக்கிறவன். உங்க கழுத்து துடிக்கிறது வண்டியில வரும்போதே தெரிஞ்சுச்சு."

அனுசுயா துப்பட்டாவை இழுத்துக் கழுத்தை மூடினாள். "பொம்பளப்பிள்ளைக கழுத்தைப் பாத்துக்கிட்டுத்தான் வண்டி ஓட்டுவீகளோ?"

அவன் காது இரண்டும் சிவந்துபோயின.

அவள் மண்டியிட்டு, வழக்கம்போல வாய்க்காலில் முகத்தை அமிழ்த்தினாள். மலையிலிருந்து வந்த தண்ணீர் ஜில்லென்று கன்னத்தைக் கவ்வியது. நிமிர்ந்தபோது நெஞ்சுக்குள் பெரிதாய் ஒரு அடி... பிறகு அமைதி.

"சரியாப் போச்சு. உங்க சோலியைப் பாத்துட்டுப் போங்க."

"அடுத்த தடவை வந்தா நேரா கிளினிக்குக்கு வாங்க. ரெண்டு கிலோமீட்டர்தான்," என்றான் இனியன். ஈரப் பேண்டோடு வண்டியை மிதித்துக் கிளப்பினான். போகும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். நீளமான இமைகள். அதில் சாரல் துளி ஒட்டியிருந்தது. அதை ஏன் கவனித்தோம் என்று அவளுக்கே கோபமாக வந்தது.

இரண்டு வருடமாய் இப்படித்தான். விலங்கியல் பட்டம் வாங்கிய கையோடு அனுசுயா சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு உட்கார்ந்தாள். எழுத்துத் தேர்வில் தேறியும் விட்டாள். ஆவணியில் ஓட்டத் தேர்வு. நானூறு மீட்டரைக் குறித்த நேரத்துக்குள் ஓடி முடித்துவிட்டால் தோளில் நட்சத்திரம்... நடுவில் நின்றுவிட்டால் அவ்வளவுதான்.

அம்மா ராஜாத்தி அவளை இரண்டு ஊருக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினாள். இரண்டு இடத்திலும் ஈசிஜி நன்றாக இருந்தது. பயம் என்றார்கள், ரத்தக் கம்மி என்றார்கள். வீரபாண்டிக் கோயிலில் மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. "நெஞ்சு நோவுன்னு வெளிய தெரிஞ்சா எவன்டி கட்டுவான்? ஓட்டமும் வேணாம், போலீசும் வேணாம்," என்பது அம்மாவின் அன்றாடப் பாட்டு. அப்பா சுந்தரலிங்கம் எதுவும் சொல்ல மாட்டார். திராட்சைக்கு மருந்தடிக்கப் போய்விடுவார்.

அதனால்தான் அடுத்த முறை நெஞ்சு ஓடியபோது, வீட்டுக்குத் தெரியாமல் கிளினிக்குக்குப் போனாள். நர்ஸ் மலையம்மாள் திரைக்குப் பின்னால் கிளிப்புகளை மாட்டினாள். மெஷின் தாளைத் துப்பியது. நல்ல துடிப்பு.

இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறையும்.

"உங்க ஈசிஜியைச் சட்டம் போட்டு மாட்டலாம்," என்றான் இனியன். "பாடப் புத்தகத்துல இருக்கிற மாதிரி இருக்கு."

"கேலி பண்றீகளா? நான் என்ன, உங்களைப் பாக்குறதுக்கா ஓடி வர்றேன்?"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. திரைக்குப் பின்னால் மலையம்மாள் இருமினாள்.

இனியன் அவளையே பார்த்தான். காதோரத்து முடி நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. வெளியே சாரல் நின்று இரண்டு நாளாகிறது.

"மூஞ்சி கழுவிட்டா வாரீக?"

"பெறகு? வேர்த்து ஒழுக நாலு பேர் முன்னாடி வந்து நிக்கவா?"

"மூணு தடவையும்?"

"மூஞ்சி கழுவுறது குத்தமா?"

அவன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "பச்சைத் தண்ணி மூஞ்சியில பட்டா இந்த மாதிரித் துடிப்பு சிலது டக்குனு நின்னுருங்க. நோவை வாய்க்கால்ல விட்டுட்டு நல்ல நெஞ்சை மட்டும் தூக்கிட்டு வந்திருக்கீக... முன்னாடி காட்டுன டாக்டர்ககிட்டயும் இப்படித்தான் போனீகளா?"

அனுசுயாவுக்கு முகம் சுருங்கியது. இரண்டு ஊருக்கும் பஸ் ஏறும் முன் முகம் கழுவிப் பவுடர் பூசிவிட்டது அம்மாதான். ஆனால் தனக்காவது உறைத்திருக்க வேண்டாமா? முகத்தில் குளிர் பட்டதும் இதயத்தை அடக்கும் பத்தாவது மூளை நரம்பைப் பற்றிப் பரீட்சையில் எட்டு மதிப்பெண்ணுக்கு எழுதியவள் ஆயிற்றே.

மறுநாள் விடிந்ததும் கரையில் டிவிஎஸ் நின்றது. முன்னால் மெஷின் பெட்டி, பின்னால் மலையம்மாள்.

"ஆத்தா, சீக்கிரம் ஓடி முடி. இவன் நேத்துலருந்து என் உசுரை வாங்குறான்."

ஐந்தாவது சுற்றில் நெஞ்சுக்குள் பெல்ட் ஓடத் தொடங்கியது. கால்கள் தானாக வாய்க்காலுக்குத் திரும்பின.

"தண்ணி வேணாம்... இங்கன உக்காருங்க. ரெண்டே நிமிசம். என்னையப் பாருங்க."

பார்த்தாள். மலையம்மாள் கைகாலில் கிளிப் மாட்டினாள். தொண்டை வரை அடித்தது. கண் இருட்டியது. அந்த இருட்டுக்குள் அவன் கண்கள் இரண்டும் அசையாமல் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தன. தாள் நீண்டுகொண்டே வந்தது... நெருக்கி நெருக்கி, பல் பல்லாக.

"புடிச்சாச்சு."

அவன் தன் டிபன் பாக்சைத் திறந்து, இட்லியை மலையம்மாள் மடியில் கவிழ்த்துவிட்டு, தண்ணீர் மொண்டு வந்து நீட்டினான். அனுசுயா முகத்தை அமிழ்த்தினாள். தக்காளிச் சட்னி வாசம். நெஞ்சுக்குள் அந்தப் பெரிய அடி. தாளில் ஒரு சின்ன இடைவெளி, பிறகு நிதானமான துடிப்பு.

மூச்சு சீராக ஆனதும் அவள் மெதுவாகக் கேட்டாள். "இதை டாக்டர்ட்ட இப்பக் காட்ட வேணாங்க. மூணு வாரந்தான்... ஓடி முடிச்சிர்றேன்."

"ஓடும்போது மயங்கி விழுந்தா?"

"விழுந்தா எந்திரிச்சுக்கிர்றேன்."

இனியன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "மன்னிச்சிருங்க. இதை மறைக்க எனக்குக் கை வராது."

"அப்ப இனிமே இந்தப் பக்கம் வராதீக."

அன்று சாயங்காலமே டாக்டர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். பிறகு மதுரை. இதயத்துக்குள் பிறவியிலேயே நூல் மாதிரி ஒரு வழி கூடுதலாக இருக்கிறது, தொடை வழியாகக் கம்பி விட்டு அதைச் சுட்டு அடைத்துவிடலாம் என்றார்கள். தேதியும் கொடுத்தார்கள். ஓட்டத் தேர்வு நடக்கும் அதே வாரம்.

மற்ற பெண்கள் தடத்தில் ஓடிய காலையில் அவள் வார்டில் மல்லாந்து கிடந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அழுதாள். அப்பா மட்டும் முதல்முறையாகப் பேசினார். "அந்தப் பையன் மறைச்சிருந்தா நீ இங்கன கெடக்க மாட்ட ஆத்தா. எங்கன கெடந்திருப்பியோ..."

அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் மனம் இறங்கவில்லை.

தை பிறந்தது. புதுத் தேர்வுக்கு அறிவிப்பு வந்தது. மறுபடி கரையில் ஓடினாள். பத்துச் சுற்று... பெல்ட் ஓடவில்லை. ஆனால் அந்த டிவிஎஸ் சத்தமும் கேட்கவில்லை.

சந்தையில் எதிர்ப்பட்ட மலையம்மாள் பிடித்துக்கொண்டாள். "வராதேன்னு சொன்னியாமே? அந்தப் பய இன்னமும் நாலு கிலோமீட்டர் சுத்தித்தான் போறான். பெட்ரோல் போடுறவன்தான் பணக்காரனாகுறான்."

அனுசுயாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் கண் கலங்கியது.

அன்றைக்கே கிளினிக்கில் போய் நின்றாள். இனியன் பதறி எழுந்தான். "மறுபடி வந்துருச்சா?"

"இல்ல... ஓடுறப்ப நேரம் பாக்க ஆளில்லை. உங்க கடிகாரம் வேணும்." தரையைப் பார்த்துச் சொன்னாள். "கடிகாரம் மட்டும் தனியா வராதுல்ல."

மறுநாள் காலை அவன் வந்தான். அவள் ஓடினாள். பந்தல் தூணைத் தொட்டபோது அவன் குரல் கேட்டது. "ஒரு நிமிசம் முப்பத்தொம்பது. தேறிட்டீக."

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். ஓரங்கள் நைந்திருந்தன. நெருக்கி நெருக்கி, பல் பல்லாய்க் கோடு.

"மெஷின் தாள் நாளாவட்டத்துல வெளுத்துப்போயிரும். அதான் ஜெராக்ஸ் எடுத்து வச்சேன்."

"எனக்குத்தான் சரியாயிருச்சே... பெறகு எதுக்கு?"

அவன் காதுகள் சிவந்தன. "டாக்டர்ட்ட குடுக்குறதுக்கு முன்னாடி எடுத்தேங்க. குடுத்ததும் நீங்க எங்கூடப் பேச மாட்டீகன்னு தெரியும். உங்களோடதுன்னு ஏதாச்சும் ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டுமேன்னு..." தாளை மறுபடி மடித்தான். "உங்களைப் புடிச்சிருக்கு அனுசுயா. மொதநாள் தண்ணிக்குள்ள தள்ளுனீகளே, அப்பருந்து. நீங்க நட்சத்திரம் குத்துன பெறகே உங்க வீட்டுல வந்து கேக்குறேன். சம்மதம்னா மட்டும்."

அவள் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. பழக்க தோஷம்... கால்கள் வாய்க்காலுக்கு இறங்கின. குனிந்து இரு கையாலும் தண்ணீர் அள்ளினாள்.

அள்ளியவள் அப்படியே நின்றாள். இது வேறு துடிப்பு. சாரல் வலுக்கிற மாதிரி, படிப்படியாய், எல்லாப் பக்கமிருந்தும் வந்துகொண்டிருந்தது.

விரல்களைப் பிரித்தாள். தண்ணீர் ஒழுகி வாய்க்காலோடு போனது.

"மூஞ்சி கழுவலையா?" என்றான் இனியன், கவலையாக.

அனுசுயா நிமிர்ந்து, அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"கழுவுனா நின்னுரும்ல... இது நிக்க வேணாம்."