தோளிலிருந்து இறங்காத பை

கல்முனை நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த தட்டெழுத்துக் கடைக்கு வருகிறவர்கள், வழக்கைச் சொல்லிக்கொண்டேதான் உட்காருவார்கள். முஸ்பிறா உட்கார்ந்த பிறகும் வாயைப் பொத்தியிருந்த முந்தானையை எடுக்கவில்லை.

"காதியாருக்கு ஒரு மனு அடிக்கோணும்," என்றாள் கடைசியில், முஸ்லிம் திருமண வழக்குகளை விசாரிக்கிற நீதவானைக் குறித்து. "என்ட மனிசன் ரெண்டாங் கலியாணம் முடிச்சிட்டார். இனி எனக்கு அவரோட வாழேலா."

தட்டெழுத்துப் பொறிக்குப் பின்னால் இருந்தவர் பாண்டிருப்புக் கனகேஸ்வரி. எதைக் கேட்டாலும், சூடான தேநீரை ஆறவிடுவது போலக் கொஞ்சம் ஆறவிட்டுத்தான் பதில் சொல்லுவார். கடையில் அவருக்குப் பங்காளியான கமீலாவுக்கு ஆறவிடுகிற பழக்கமே கிடையாது.

"ஆருகா அந்தப் பொம்புள?" என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள் கமீலா.

"ஆரெண்டு தெரியா ராத்தா. ஆனா ஒருத்தி இரிக்கா."

"தெரியாம எப்பிடித் தங்கச்சி சொல்றீங்க?" என்று கேட்டார் கனகேஸ்வரி.

முஸ்பிறாவின் கணவர் மீராசா, அம்பாறையில் ஒரு புடவைக் கடையில் விற்பனையாளர். விடிந்ததும் கல்முனையிலிருந்து பஸ்ஸில் போய், பொழுதுபடும்போது அதே வழியாகத் திரும்புவார்.

"முந்தியெல்லாம் சேட்டுக் கொலர் செம்மண்ணாத்தான் வரும். சம்மாந்துறைக்கு அங்கால றோட்டெல்லாம் தாரில்லாத கிறவல், ஒரே தூசிதானே. கல்லுல போட்டுத் தேய்ச்சே என்ட கை போச்சு. இப்ப ரெண்டு மாசமா கொலர் வெள்ளையா இரிக்கி. தல ஈரம். சோப்பு மணக்குது அக்கா! எங்கட ஊட்டுச் சோப்பில்ல அது. ஆற்ற ஊட்டுல குளிச்சிட்டு வாறார்?"

"வீட்டுச் செலவுக்குத் தாறாரா?"

"அதுல கொற சொல்லேலா. அதுதானே எனக்கு இன்னம் பயம்." அவள் ஒரு கடதாசிப் பொட்டலத்தைப் பிரித்தாள். "அவர்ர செருப்புல இருந்து தட்டி எடுத்த மண்."

கனகேஸ்வரி அதில் ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே உரசிப் பார்த்தார். வெளுத்த மணல். இடையே சிப்பித் துண்டு மினுங்கியது.

"கடல் மண்!" என்று துள்ளினாள் கமீலா. "அம்பாறையில ஏது கடல்? குளம்தானே இரிக்கி!"

கனகேஸ்வரி பொறியில் செருகியிருந்த தாளை மெதுவாக உருவி வெளியே வைத்தார். "இண்டைக்கு அடிக்க மாட்டன் தங்கச்சி. நாளண்டைக்குப் பின்னேரம் வாங்க. அப்பவும் வேணுமெண்டா நானே அடிச்சுத் தாறன்."

"ஊர் சிரிக்க முதல் நான் முந்தோணும் அக்கா. என்ட மனிசன் அம்பாறைக்கு லோங்ஸ் போட்டு வேலைக்குப் போறவரெண்டு, தெருத் தெருவாப் பெருமையடிச்ச வாய் இது." சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் காலை, முஸ்பிறா சொன்ன அடையாளங்களோடு மீராசாவைக் கவனிக்கக் கமீலா அந்த பஸ்ஸில் ஏறினாள். வேலைக்குப் போகிறவர்களின் பஸ் அது. அதில் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் ஏறியவர்கள் ஆசனங்களில் இருப்பார்கள், பிந்தியவர்கள் நிற்பார்கள். நிற்கிறவர்களின் பை, குடை, சோற்றுப் பார்சல் எல்லாம் இருக்கிறவர்களின் மடிக்குப் போய்விடும். கேட்கவும் தேவையில்லை, நன்றி சொல்லவும் தேவையில்லை. முன் ஆசனத்தில் பாய் விற்கப் போகிற சல்மா உம்மா இருப்பார். அவருடைய மடியில்தான் குவியல் பெரிது.

சம்மாந்துறைக்கு முன்னாலேயே, கடற்கரைச் சாலையிலிருந்து அம்பாறைச் சாலை பிரிகிற காரைதீவுச் சந்தியில் சோதனைச் சாவடி. அங்கே எல்லாரும் இறங்கி, ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையாக அடையாள அட்டையைக் காட்டி நடந்து, அந்தப் பக்கம் போய் நிற்கிற பஸ்ஸில் மறுபடி ஏற வேண்டும். கால் ஏலாத சல்மா உம்மா மட்டும் இறங்குவதில்லை. சிப்பாய் ஒருவர் ஏறி, அவர் மடியில் இருக்கும் பைகளை அங்கேயே திறந்து பார்த்துவிட்டு இறங்குவார்.

மதியம் கமீலா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

"அக்கா, ஏறினார்! என்ட கண்ணால கண்டன். பின் கதவால ஏறி நிண்டவர். அம்பாறையில எல்லாருக்கும் முதல் இறங்கி மாயமாப் போயிட்டார். கள்ளமில்லாட்டி ஏன் அவ்வளவு அவசரம்?"

"இறங்கினதக் கண்டயா?"

"காணல்ல. அதான் சொல்றனே, அவ்வளவு கெதி!"

கனகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "அவர்ர பை?"

"தோள்லதான். கல்முனையிலயே சல்மா உம்மா கைய நீட்டினா. 'பாரமில்ல உம்மா' எண்டிட்டார். 'முந்தித் தந்த புள்ள, ரெண்டு மாசமாத் தாறானில்ல. என்ட மடி முள்ளாக் குத்துதோ?' எண்டு உம்மா பஸ் முழுக்கக் கேக்கச் சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. அவருக்கு முகம் செத்துப் போச்சு."

"நல்லது," என்றார் கனகேஸ்வரி. "வேற ஒண்டும் தேவையில்ல."

கேட்டுக்கொண்டிருக்கிற என் கண்ணுகளே, அவருக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு வாருங்கள்.

அடுத்த நாள் பின்னேரம், காரைதீவுச் சந்தியில் ஒரு வேப்பமரத்தின் கீழே மூன்று பெண்களும் நின்றார்கள்.

"நிக்கிற ஆள் ஏன் பையக் குடுக்காம வைச்சிருப்பார்?" என்று தொடங்கினார் கனகேஸ்வரி.

"கெதியா இறங்கப் போறவர் குடுக்க மாட்டார்," என்றாள் கமீலா. சொல்லிவிட்டு அவளே வாயைப் பிளந்தாள். "அப்ப அவர் அம்பாறைக்கே போறதில்லயா?"

"இந்தச் சந்தி மட்டுந்தான் வாறார். எல்லாரும் இறங்கிற இடத்துல ஒருத்தர் இறங்கினா ஆர் பாக்கப் போறா? திரும்பி ஏறாட்டியும் தெரியாது. ஆனா பை சல்மா உம்மாட மடியில இருந்தா, அது மட்டும் அம்பாறைக்குப் போயிடும். அதுதான் தோள்லயே கிடக்கு. கிறவல் றோட்டுக்குப் போகாதவருக்குக் கொலர்ல எங்கால தூசி வரும்? பின்னேரம் இஞ்சயே வந்து, இறங்கி நடக்கிற ஆக்களோட தானும் வரிசையில கலந்துடுவார்."

"அப்ப அவள் இந்தக் கரையிலதான் எங்கயோ இரிக்காள்," என்றாள் முஸ்பிறா.

"பொறுங்க தங்கச்சி. பொம்புளயத் தேடிப் போற ஆள், போக முதல் குளிப்பார். உங்கட மனிசன் ஊட்ட வர முதல் குளிக்கிறார். சோப்பு மணக்கிறதுக்கில்ல, வேற ஒரு மணம் போறதுக்கு."

தெற்கே பொத்துவில் பக்கமிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. மீராசா இறங்கினார். சீவிய தலையில் இன்னும் ஈரம், தோளில் பை. நாலு அடி வைத்ததும் மனைவியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"எங்க போய் வாறீங்க?" என்றாள் முஸ்பிறா.

அவர் மற்ற இருவரையும் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். "வினாயகபுரம். புடவைக் கடைய மூடிட்டாங்க முஸ்பிறா. நல்லரெத்தினமெண்டு என்ட கூட்டாளி கடற்கரையில கொட்டில் கட்டிக் கருவாட்டு வாடி போட்டிரிக்கான். அங்கதான் மீன் வெட்டிக் காயப் போடுறன். பின்னேரம் அவன்ட கிணத்தடியில குளிச்சிட்டு வாறன். வேல உடுப்புக் கிடக்கிற பைய வெளியில ஒளிச்சு வைச்சிட்டுத்தான் ஊட்டுக்குள்ள வாறன்."

"எனக்கேன் சொல்லல்ல?"

"எப்பிடிச் சொல்ற? கடைய மூடின அண்டைக்கும் மதிலுக்கு அங்கால நிண்டு, 'எங்கட இவர் அம்பாறையில' எண்டு கதைச்சுக்கிட்டு இருந்தயே. அந்தச் சிரிப்பக் கெடுக்க எனக்கு மனம் வரல்ல."

அதற்குள் அம்பாறையிலிருந்து திரும்புகிற பஸ் வந்துவிட்டது. இறங்கியவர்களோடு நடந்து, அட்டையைக் காட்டி, நால்வரும் ஏறினார்கள். சல்மா உம்மா பாய்க்கட்டை நகர்த்தித் தன் பக்கத்தில் முஸ்பிறாவுக்கு இடம் கொடுத்தார். மீராசா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பஸ் கிளம்பியதும் முஸ்பிறா கையை நீட்டினாள்.

"வேணாம்," என்றார் அவர் மெதுவாக. "மணக்கும்."

அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை. அவர் பையைக் கழற்றிக் கொடுத்தார். அவள் அதை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டாள். கருவாட்டு வாடை பஸ்ஸின் முன்பாதி முழுக்க ஏறியது.

"அல்லா! ஆர்ர பைகா இது?" என்று மூக்கைப் பொத்தினார் சல்மா உம்மா.

"எங்கட இவர்ர," என்றாள் முஸ்பிறா, எல்லாருக்கும் கேட்கும்படியாக. "வினாயகபுரத்துல கருவாட்டு வாடியில வேல செய்யிறார்." பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "நாளையில இருந்து ஊட்ட வந்து குளிங்க. அந்தச் சோப்பு எனக்குப் புடிக்கல்ல."

பின்னால் நின்ற கமீலா கனகேஸ்வரியின் காதருகே குனிந்தாள். "அக்கா, மனு?"

"ஆருக்கு?" என்றார் கனகேஸ்வரி.