குளிர் புகாத வீடு

டோர்விக் பண்ணையின் கொட்டகைக் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது எலி நாற்றம். இருட்டுக்குக் கண் பழகிய பிறகுதான் டிரெய்லர் தெரிந்தது. வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால், வெளிர்பச்சைச் சாயம் உரிந்து, டயர்கள் தரையோடு அமுங்கி நின்றது. வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற அந்தக் காலத்துச் சின்ன வீடு. உள்ளே கேஸ் அடுப்பு, கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ், கை கழுவும் தொட்டி, எதிரெதிரே இரண்டு படுக்கைகள், மூலையில் ஒரு கேஸ் ஹீட்டர்.

பண்ணைக்காரர் கேலன் டோர்விக் வாசலிலேயே நின்றுகொண்டார். யாருடையது என்று, அதை வாங்க வந்திருந்த வெர்லின் ஹாகன் கேட்டதற்கு, அம்மாவுடையது என்று மட்டும் சொன்னார். பனி விழுவதற்குள் எடுத்துப் போனால் நல்லது என்றார்.

வெர்லினுக்கும் அதே அவசரம்தான். அவர் மனைவி மார்லிஸின் நுரையீரல் இன்னொரு மினசோட்டா குளிர்காலத்தைத் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வெயில் ஊரான அரிசோனாவில் மார்லிஸின் தங்கை வீட்டு முற்றத்தில் டிரெய்லரை நிறுத்த இடம் இருந்தது. பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்த்தே காலம் கழித்தவர் வெர்லின். இந்தச் சின்னப் பெட்டிக்கு உயிர் கொடுப்பது பெரிய காரியமாக அவருக்குத் தோன்றவில்லை.

டிரெய்லரைத் தன் வீட்டு முற்றத்துக்கு இழுத்துவந்தார். முதலில் மின்சாரம். எலி கடித்த கம்பிகளை உருவிப்போட்டுப் புதிதாக இழுத்தார். விளக்குகள் எரிந்தன. மறுநாள் காலையில் பார்த்தால், ஒரு படுக்கைக்கு மேலிருந்த விளக்கை மட்டும் கம்பளித் துணி ஒன்று மூடியிருந்தது, தூங்கும் பிள்ளையின் கண்ணில் வெளிச்சம் படாமல் மறைப்பதுபோல. மார்லிஸ் செய்திருப்பாள் என்று அவர் நினைத்தார். அவர்தான் செய்தார் என்று அவள் நினைத்தாள். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு தண்ணீர். வெடித்த குழாய்களை மாற்றி, பம்பைப் பொருத்திவிட்டு, ஒழுக்கு பார்க்க டிரெய்லருக்கு அடியில் படுத்திருந்தார். தலைக்கு மேலே பம்பு உறுமியது. குழாயில் தண்ணீர் கொட்டியது. நின்றது. யாரோ எதையோ அலசுவதுபோல மறுபடி கொட்டியது.

"மார்லிஸ், கொஞ்சம் மூடு" என்று சத்தம் கொடுத்தார்.

தண்ணீர் உடனே நின்றது.

வெளியே தவழ்ந்து வந்தபோது, முற்றத்துக்கு அந்தப் பக்கம், வீட்டுச் சமையலறை ஜன்னலில் மார்லிஸ் நின்று மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

மூன்றாவதாகக் கேஸ். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தார். எங்கும் குமிழி இல்லை. அடுப்பைப் பற்றவைத்ததும் பால் பொங்கி வழிந்து கருகும் வாசனை எழுந்தது. டிரெய்லரில் பால் என்று ஒரு சொட்டுக்கூடக் கிடையாது.

கடைசியில் ஹீட்டரைத் தொட்டார். அதன் புகைக்குழாய் அடைத்திருந்தது. எலிக்கூடு என்று நினைத்துக் கம்பியால் குத்தி இழுத்தார். வந்தது கம்பளி. கிழித்த ஸ்வெட்டர் பட்டைகள், ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, இறுக்கித் திணித்திருந்தன. கடைசி முடிச்சில் விரல் நீளம்கூட இல்லாத ஒரு குழந்தைக் கையுறை.

குழாயைச் சுத்தம் செய்து, நச்சுக்காற்று சேர்ந்தால் கத்துகிற கருவி ஒன்றையும் சுவரில் மாட்டினார்.

மறுநாள் குழாய் மறுபடி அடைத்திருந்தது. இந்த முறை கம்பளி ஈரமாக இருந்தது.

கேஸ் வால்வை இறுக்கி மூடிவிட்டு, வீட்டுக்குள் போய்க் கேலனுக்குப் போன் செய்தார். வெளியே அந்த வருஷத்தின் முதல் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

நடந்ததைக் கேட்டுவிட்டுக் கேலன் நிறுத்தி நிறுத்தி, வெகுநேரம் எடுத்துச் சொன்னார். ஒரு ஜனவரியில் அவருடைய அப்பா ஏதோ கோபத்தில் அம்மா ஆல்வினாவைக் கைக்குழந்தையோடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். ஆல்வினா முற்றத்தில் நின்ற டிரெய்லருக்குள் புகுந்துகொண்டாள்.

"நான் வீட்டுக்குள்ள இருந்தேன். சின்னப் பையன். குளிர் உள்ள வரக்கூடாதுன்னு அம்மா ஒரு ஓட்டை விடாம துணிய வச்சு அடைச்சிருந்தாங்க. ஹீட்டர் எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு, புகை வெளிய போக வழியில்ல. காலைல பாத்தா ரெண்டு பேரும் தூங்கற மாதிரிதான் கிடந்தாங்க."

"சாரி, கேலன். எனக்குத் தெரியாது."

"எங்கம்மா யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டாங்க, வெர்லின். அதான் எனக்குப் பயம். உங்க வீட்டுக்காரம்மாவ அதுக்குள்ள விடாதீங்க. அவங்களுக்குக் குளிர் ஆகாதுன்னு சொன்னீங்களே."

வெர்லின் திரும்பினார். சமையலறையில் யாரும் இல்லை. மேசையில் தைத்து முடித்து வைத்திருந்த திரைச்சீலைகளையும் காணோம்.

ஜன்னல் வழியே பார்த்தார். டிரெய்லரின் கூரைமேல் மட்டும் பனி தங்கவில்லை. விழ விழ உருகியது.

வீட்டுச் செருப்போடு பனிக்குள் ஓடினார்.

கதவு திறக்கவில்லை. இடுக்குகளிலெல்லாம் உள்ளிருந்து துணி திணித்திருந்தது. திரைச்சீலைத் துணி, கிழித்து, முடிந்து.

காதைத் தகரத்தில் வைத்தார். உள்ளே ஒரு கீச்சுக்குரல். மெலிதாக, மூடிய வாய்க்குள்ளிருந்து வருவதுபோல.

அதோடு ஒரு பெண் முணுமுணுக்கும் ஓசை. தாலாட்டு மாதிரி.

அது மார்லிஸின் குரல் இல்லை.

இரும்புக் கம்பியால் ஜன்னலை உடைத்தார். முகத்தில் சூடு அடித்தது. மார்லிஸ் படுக்கையில், கழுத்துவரை போர்வை செருகி, கன்னம் செர்ரிப் பழம்போலச் சிவந்து கிடந்தாள். அவள் நெஞ்சுக்குப் பக்கத்தில் பிள்ளைத்துணி சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்று. கீச்சென்று அழுதது அதுதான். வெர்லின் மாட்டிய நச்சுக்காற்றுக் கருவியைச் சுவரிலிருந்து பிடுங்கி, கம்பளிக்குள் சுற்றி, பிள்ளைபோல யாரோ தூங்கவைத்திருந்தார்கள்.

அந்தப் பொட்டலத்தின் மேல் துணி மெல்ல அமுங்கி எழுந்தது.

தட்டிக்கொடுக்கிற தாளத்தில்.

வெர்லின் பிறகு யாரிடமும் அதைச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே புகுந்து, மார்லிஸை வாரியெடுத்து ஜன்னல் வழியே பனிக்குள் விழுந்தார். கேஸ் வால்வு அவர் மூடியபடியே மூடித்தான் இருந்தது.

மருத்துவமனையில் மார்லிஸ் பிழைத்தாள். கை நடுக்கம் நின்றது, பேச்சு திரும்பியது. டிரெய்லருக்குள் என்ன நடந்தது என்று கேட்டால் மட்டும், நன்றாகத் தூங்கினேன் என்றாள், வருத்தம்போல. இதற்கிடையில் கேலன் தானே டிராக்டரோடு வந்து டிரெய்லரைத் தன் வயலின் நடுவே இழுத்துப்போய்க் கொளுத்தினார். தகரம் கறுத்துச் சுருங்கும்வரை நின்று பார்த்ததாக மருத்துவமனைக்குப் போன் செய்து சொன்னார்.

வெர்லின் மனைவியை அழைத்துப்போக வந்த மதியம் வெயில் பளிச்சென்று இருந்தது. அவருடைய பிக்கப் வண்டியில் முன்னால் மூன்று பேர் உட்காரும் நீள இருக்கை. மார்லிஸ் ஏறியவள், கதவோரம் உட்காராமல் நகர்ந்து நகர்ந்து அவர் தோளோடு ஒட்டிக்கொண்டாள். கல்யாணமான புதிதில் அப்படித்தான் உட்காருவாள். வெர்லின் வண்டியை எடுத்தார்.

ஏரியைத் தாண்டும்போதுதான், மார்லிஸ் காலியாக விட்டிருந்த கதவோரத்து ஜன்னல் கண்ணாடியைக் கவனித்தார்.

அதன் கீழ்ப்பாதியில் ஆவி படிந்திருந்தது. மடியில் உட்காரும் பிள்ளையின் வாய் உயரத்தில் வட்டமாக ஒரு மூட்டம். அது சுருங்கியது. மறுபடி விரிந்தது.

கண்ணாடியை இறக்க வெர்லின் பொத்தானுக்குக் கையை நீட்டினார். மார்லிஸ் அந்தக் கையை மெதுவாகப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"திறக்காத, வெர்லின்" என்றாள் கிசுகிசுப்பாக. "இப்பதான் தூங்குது."