கழுவி வைத்த உறை

"மூணு மாசமா நான் அதைப் போடவே இல்லைங்கிறேன்..."

"போடாமத்தான் தினமும் எச்சிலோட டப்பாவுல..."

"கொஞ்சம் கேளும்மா, வலது பக்கம் பின்னாடி குத்துது, உட்காரவே மாட்டேங்குது..."

"குத்துதுன்னு சொல்ல மூணு மாசமா? வெந்நீர்ல அலசினீங்களா? வெந்நீரைக் கண்டா வளைஞ்சிடும்னு எத்தனை வாட்டி..."

"நான் தொடவே இல்லையே."

"அப்ப தினமும் காலைல நான் எதைக் கழுவுறேன்?"

கணவர் வாயைத் திறக்காமல் சிரித்தார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, பள்ளிக்கூட வேன் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அவள் வாஷ்பேசின் முன்னால் அப்படியே நின்றாள். உள்ளங்கையில் அந்த நைட் கார்டு. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்கள் மேல்வரிசையில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடி போன்ற உறை. அவள் வேலையே அதுதான், பல் லேபில் அச்சு வார்ப்பது, பல் செட் கட்டுவது. இதையும் இரண்டு வருடத்துக்கு முன் அவளே அவருக்கு அளவெடுத்துச் செய்தாள். கழுவுவதும் அவள்தான், வேறு யாரிடம் கொடுத்தாலும் பற்பசை போட்டுத் தேய்த்துக் கீறிவிடுவார்கள். பச்சைத் தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, குழந்தைகள் பிரஷ், பிறகு துணிமேல் காயவைத்து, ஓட்டை போட்ட டப்பாவில் வைத்து பாத்ரூம் அலமாரியில் ஏற்றுவது; ஞாயிற்றுக்கிழமை மட்டும் நுரைக்கிற மாத்திரையில் ஊறல். இன்றும் எல்லா நாளும் போலத்தான் இருந்தது: பால் படிந்த மாதிரி எச்சில் படலம், ராத்திரி முழுக்க மூடிக்கிடந்த வாயின் புளித்த வாடை, தலைக்கு மேலே பரணில் எலி பிராண்டும் சத்தம். அந்த எலிக்காக மகள்தான் பொறி வைத்துப் பரணைப் பூட்டி, சாவியையும் தன்னிடமே வைத்திருக்கிறாள். இருபது வயது. இப்போதெல்லாம் வீட்டில் முதலில் எழுவதும் அவள்தான். பொறுப்பு வந்துவிட்டது என்று லேபில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தாள் இவள்.

உறையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். தடங்கள். கையெழுத்தைப் போல அவளுக்குத் தெரிந்த தடங்கள். கீழ் இடது கோரைப்பல்தான் அவருக்கு எப்போதும் முதலில் இறங்கும். நேற்று அந்த இடத்தில் வெறும் குழி இருந்தது. இன்று கடுகு அளவு ஓட்டை, அதன் வழியே வெளிச்சம்.

லேபுக்குப் போனதும் அவருடைய பழைய மாவு அச்சைத் தேடி எடுத்து உறையை அதில் மாட்டிப் பார்த்தாள். க்ளக். ஒரு நூல்கூட வளைந்திருக்கவில்லை. வலது பக்கம் பின்னால், ஆறு வருடத்துக்கு முன் பிடுங்கிய கடைவாய்ப் பல்லின் பள்ளத்தை அவளே உறையில் கெட்டியாக நிரப்பியிருந்தாள். அங்கே குத்துகிறது என்றால் அந்த இடத்தில் ஒரு பல் இருக்க வேண்டும்.

"என்னக்கா, அச்சைப் பார்த்து முறைக்கிறீங்க?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"பிடுங்கின பல்லு மறுபடி முளைக்குமாடி?"

"உங்க வீட்டுக்காரர் என்ன, கைக்குழந்தையா?"

சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே உறையைக் கழற்றி மறுபடி மாட்டினாள். க்ளக்.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே டார்ச்சோடு நின்றாள். "வாயைத் திறங்க."

பழைய மனுஷராக இருந்தால் டார்ச் சுவரில் பறந்திருக்கும். அவர் கை ஓங்கி விழுந்த நாளிலிருந்து அவளுடைய இடது காது பாதிதான் கேட்கும். ஆனால் மூன்று மாதத்துக்கு முன், லேபில் அவசர வேலை குவிந்து அவள் ராப்பகலாய் அங்கேயே கிடந்த வாரத்தில், அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது, மகள்தான் பார்த்துக்கொண்டாள். காய்ச்சல் போனதும் அந்தக் கோபமும் போயிருந்தது. இவள் அதற்குக் கடவுளுக்கு நன்றிகூடச் சொன்னாள்.

அவர் அவளுக்கு எட்டட்டும் என்று முழங்காலிட்டு, அகலமாக வாயைத் திறந்தார். பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் பல். வெள்ளையாக. கறையில்லாமல், தேய்வே இல்லாமல், இதுவரை எதையும் மென்றிராத பல். அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று நாக்கு மரியாதையாக ஓரம் ஒதுங்கிக்கொண்டது.

"தெரியுதாம்மா?" என்றார், வாயை மூடாமலே.

"தெரியுது. சரி பண்ணிடலாம்."

மகள் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளும் போட்டாள்.

"பாப்பா. கூடத்துல இருக்கிறது யாரு?"

மகள் நிமிரவில்லை. "அப்பா."

"பாப்பா."

மடித்த சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். "காய்ச்சல் வந்த மூணாம் நாள். அப்பா உள்ள படுத்திருக்காரு, யாரோ கதவைத் தட்டுறாங்க. திறந்தா அப்பா. அதே சட்டை. ஒருத்தர்தான் இருக்க முடியும், யாருன்னு நீயே சொல்லுன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"உன் மேல கை வைப்பீங்களான்னு கேட்டேன். மாட்டேன்னாரு." மகள் சட்டையைக் கீழே வைத்தாள். "வச்சாரா? சொல்லு. ஒரு நாளாவது வச்சாரா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை..."

"சொன்னா நீ பழையவரைத்தான் கேட்டிருப்ப. எனக்குத் தெரியும்மா. உன்னை எனக்குத் தெரியாதா?"

மூன்று மாதம். தொண்ணூறு காலை. அவள் வயிற்றில் பிறந்தது, அவளுக்கு முன்னால் எழுந்து, ஈரமான உறையைத் திரும்பக் கொண்டுவந்து டப்பாவில் வைத்துவிட்டு, காபி போட்டுக் கொடுத்து, நல்லா தூங்கினியாம்மா என்று கேட்டிருக்கிறது.

"அப்ப அவரு..." அவள் அண்ணாந்து பரண் பக்கம் பார்த்தாள். "சாப்பாடு?"

"வேணாங்குறாரு. கடிக்க ஏதாவது இருந்தா போதும்."

"அதுக்கா இந்த உறையைக் கொடுத்த?"

"இல்லன்னா சத்தம் உனக்குக் கேட்டுடும்மா. நீ தூங்கணும்னுதான்."

கழுவிக் கழுவித் தந்தது அவள். கிருமி வரக்கூடாதென்று மாத்திரையில் ஊறவைத்துத் தந்தது அவள்.

"சாவியைக் கொடு."

"வேணாம்மா."

"கொடுடி."

பாத்ரூம் வாசலில் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். ஒரு கையில் சாவி, ஒரு கையில் உறை. நல்ல காதைப் பரணின் மரக்கதவில் வைத்தாள். எலி இல்லை. நற. நற. இருபத்திரண்டு வருடம் பக்கத்துத் தலையணையில் கேட்ட சத்தம். இது அவர்தான். அடித்தவர். அவளுடையவர்.

பூட்டு. சாவி. ஒரு சாண் இடைவெளி.

வாடை முதலில் வந்தது. தினமும் காலையில் உள்ளங்கையில் முகர்ந்த அதே வாடை. இப்போது சூடாக.

சத்தம் நின்றது.

இருட்டிலிருந்து ஒரு கை நீண்டது. உள்ளங்கை மேலே. படுக்கப்போகுமுன் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் அவர் நீட்டுவாரே, அப்படியே. நகங்கள் இல்லை. கைக்குப் பின்னால் ஒரு வாய். திறந்த வாய். கீழ்வரிசை தேய்ந்து, ஈறோடு ஈறாக.

உறையைப் பிடித்திருந்த கை நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை.

ஸ்டூல் ஆடியது.

பிறகு ஆடவில்லை.

கீழே யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையாலும், பதவிசாக. அவள் குனிந்தாள். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், இந்த முறை வாய் திறந்த சிரிப்பு, எல்லாப் பல்லும். அவர் தோளுக்குப் பின்னால் மகள், சுவரைப் பார்த்தபடி.

"ஒருத்தர்தான் இருக்க முடியும்மா," என்றார். "இப்ப நீ சொல்லு."