கிருமி இல்லாத குழாய்

2019 டிசம்பர் பதினொன்றாம் தேதி பிற்பகல், சீனாவின் சாங்சுன் நகரத்து ஆய்வகம் ஒன்றில், கிருமி கலக்காத தண்ணீர் பச்சையாக ஒளிர்ந்தது.

"இதுவும் ஒளிருதே" என்று முனகியபடி பெய்லான் லேசரை அணைத்துவிட்டுக் கண்களைக் கசக்கினாள். அவள் செய்த நுண்துகள்கள் தண்ணீரில் மிதந்து நோய்க்கிருமியைத் தேடிப் பற்றும். பற்றியவை மட்டும் லேசர் பட்டால் ஒளிரும். கிருமி இல்லாத சோதனைக் குழாய் இருட்டாக இருந்தால்தான் ஆய்வேடு தேறும், பட்டம் கிடைக்கும், ஊருக்குப் போகலாம்.

கறுப்புத் திரைக்கு அப்பாலிருந்து, அவளுடைய பேராசிரியரிடமே அவளுக்குப் பின் சேர்ந்த ஃபாங் குரல் கொடுத்தாள். "என்னக்கா, பிளாஸ்க்ல இருக்கற வெந்நீர ஊத்திட்டீங்களா?"

"வாய மூடுடி. நானே தூக்கமில்லாம சாகறேன்."

"வெளிய வாங்க, அளவ நான் எடுக்கறேன். உங்க மூஞ்சியப் பாத்தா எந்தக் கிருமியும் ஓடிரும்."

சிரிக்கக்கூடத் தெம்பில்லை. அறையைச் சூடாக்கும் சுவர்க் குழாய்களில் தண்ணீர் முனகியது; காய்ந்த தூசியும் ரப்பர் கையுறையும் கலந்த வாடை அந்தச் சின்ன இருட்டறையில் தேங்கி நிற்க, அவள் குழாயை எடுக்கக் கை நீட்டினாள்.

குழாய் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

லேசர் அணைந்துதான் இருந்தது. பொத்தானைத் தடவிப் பார்த்தாள். அணைந்திருந்தது.

கையைப் பின்னால் இழுத்தாள். பச்சை மங்கியது. மெல்ல நீட்டினாள். கூடியது. துகள்கள் கண்ணாடியின் அவள் பக்கத்துச் சுவரில் வந்து அப்பின. விரலை நகர்த்தினாள். அவையும் நகர்ந்தன.

திரையை விலக்கி வெளியே வந்தாள். "நீயே எடு" என்றாள். 

சன்னலில்லாத நடைக்கூடத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அங்கே சத்தம் கேட்டால்தான் விளக்கு எரியும். அடங்கினால் தானே அணைந்துவிடும். கால் தரையில் உரசிய சத்தத்துக்கு எரிந்தது. அணைந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா! இருட்டு! சுத்தமான இருட்டு!" ஃபாங் உள்ளிருந்து கத்தினாள். விளக்கு எரிந்தது. "தேறிட்டீங்க! ராத்திரிக்கு உங்க செலவுல ஆட்டுக்கறி!"

பெய்லான் அசையவில்லை. விளக்கு அணைந்தது.

கையுறையைக் கழற்றினாள். எதிர்ச் சுவரில் தீயணைப்பு விதிகள் ஒட்டியிருந்தன. முதல் வரியைப் படித்தாள். இரண்டாவதையும் படிக்க முடிந்தது. அவள் வெறுங்கையின் வெளிச்சத்தில் எழுத்துகள் பச்சையாகத் தெரிந்தன.

ஃபாங் எடுத்த அளவு ஆய்வேட்டில் சேர்ந்தது. வசந்தத்தில் ஆய்வேடு ஏற்கப்பட்டது.